ஐந்தாவது சொல்

பெட்டி ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், கம்பெனி ஆள் ஒருவன் அதை வெல்வெட் பையில் போட்டுக் கொண்டுவந்து கித்தேரியிடம் கொடுத்தான். உடல் வரவில்லை. உடலுக்குப் பதிலாக வந்தது இதுதான் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கையில் வாங்கி அதன் கனத்தைப் பார்த்தாள். ஒரு சங்கின் கனம்கூட இல்லை.

"உங்க வீட்டுக்காரர் குரல் இதுல இருக்கும்மா" என்றான் அவன். "இருபத்தாறு நாள். ஒரு நாளைக்கு அரை நிமிஷம்."

பெலவேந்திரம் பதினெட்டு வருஷம் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவன். தூர வடகடலின் தரையில் நிலையம் கட்டுகிற கம்பெனிக்காரர்கள் மூச்சுக் கட்டத் தெரிந்த ஆட்களைத் தேடி இந்தக் கரைக்கு வந்தபோது, முதல் அணியிலேயே போனான். அந்த ஆழத்தில் தினமும் இறங்கி ஏற முடியாது. அடிக்கடலின் அழுத்தத்தையே ஓர் இரும்பு அறைக்குள் அடைத்து, அதற்குள் இருபத்தெட்டு நாள் ஆட்களைக் குடிவைத்து, அங்கிருந்து கடலுக்குள் வேலைக்கு அனுப்புவார்கள். வெளியே கூட்டிவர ஒரு வாரம் பிடிக்கும். அறைக்குள் இருக்கும் காற்று பாதிக்குமேல் ஹீலியம். ஆட்கள் அதை டேங்க் என்பார்கள். டேங்குக்குள் போனால் போன் கிடையாது.

"மேல இருந்து மெஷின் அவங்க மனசைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும்" என்றான் கம்பெனி ஆள். "மத்த இடத்துல குரலை வெச்சே கண்டுபிடிச்சிரும். ஹீலியத்துல எல்லாருக்கும் வாத்துக் குரல் ஆயிடும். அழுறானா சிரிக்கிறானான்னு மெஷினுக்குப் பிடிபடாது. அதனாலதான் ஷிப்டுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இங்கிலீஷ்ல, ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு நான் எப்படி இருக்கேன்னு. அப்புறம் அரை நிமிஷம் சொந்த பாஷையில என்ன வேணும்னாலும் பேசிக்கலாம். அதை யாரும் கேக்கமாட்டாங்க."

சுவரில் சாய்ந்து நின்ற மகள் அஞ்சலின் கேட்டாள். "யாரும் கேக்காததை எதுக்குப் பேசச் சொன்னீங்க?" அவளுக்குப் பதினைந்து வயது. ஒரு மாதமாக அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"மனசு லேசாகும்னு டாக்டர் சொன்னாரும்மா."

பிறகு விதிகளைச் சொன்னான். ஒவ்வொரு நாளின் பதிவையும் அன்று அவன் சொன்ன அந்த ஒரு சொல்தான் திறக்கும். மனைவியின் குரலுக்கு மட்டும்தான் திறக்கும். மூன்று தடவை தப்பாகச் சொன்னால் அந்தப் பதிவு அழிந்துவிடும். அறுபது நாள் கெடு. ஒரு பதிவைக் கேட்டு முடித்ததும், கேட்டவள் எப்படி உணர்கிறாள் என்று பெட்டி அவளிடமும் ஒரு சொல் கேட்கும். சொல்லாதவரை அதையே திரும்பக் கேட்கலாம்; சொன்னதும் அந்தப் பதிவு மூடிக்கொள்ளும். மறுபடி கேட்க முடியாது.

"சொல்லலேன்னா?"

"அடுத்தது திறக்காது."

"இவ்வளவு பூட்டு எதுக்கு தம்பி? கடைசியா என்ன பேசுனாவன்னு கேக்கத்தானே கேக்கேன்."

"பிரைவசிம்மா. வேத்தாள் கேட்டுரக் கூடாதுல்ல? நெருங்கினவங்களுக்கு அவர் எப்படி இருந்திருப்பார்னு தெரியாதா என்ன?"

போகும்போது ஒரு தாளையும் வைத்துவிட்டுப் போனான். அதில் இங்கிலீஷில் நாலு வரி. அஞ்சலின் வாசித்துச் சொல்லவில்லை. அது அவளுக்கு முன்பே தெரியும். இருபத்தாறாம் நாள், வெள்ளிக்கிழமை, கடலுக்கடியில், பெலவேந்திரம் தன் சுவாசக் குழாயைத் தானே, தன் விருப்பத்தின்பேரில் கழற்றிக்கொண்டானாம்.

டேங்குக்குள் போவதற்கு முன் அவன் கடைசியாகப் பேசியது அஞ்சலினுடன்தான். அவனுக்காக ஒரு வருஷம் தள்ளிப்போட்ட அவளுடைய உறுதிபூசுதல் சடங்குக்கு, வருவதாகச் சொல்லி இரண்டாவது வருஷமும் வரவில்லை. "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டதற்கு எப்போதும்போல "அப்பா ஹேப்பி ட்டி" என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்பப் பாத்தாலும் ஹேப்பி, ஹேப்பி. எல்லாம் பொய்யி. உண்மை பேசத் தெரியாதவரு வீட்டுக்கே வர வேண்டாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

வைத்தது வைத்ததுதான்.

*

முதல் நாள் பதிவுக்கு கித்தேரி சொன்னது அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே சொல். "ஹேப்பி." பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

கீச்சென்று ஒரு குரல். கிளியை மிதித்ததுபோல. "கித்தேரி, நாந்தான். சிரிக்காத. இங்க எல்லாரும் இப்படித்தான் பேசுதோம். தொம்மை ஜெபம் சொன்னா கோழிக்கூட்டுக்குள்ள பூசை நடக்குத மாதிரி இருக்கு..."

அஞ்சலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தக் கையை எடுக்காமலேயே அழுதாள். கித்தேரி மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குரலில் தன் புருஷன் எங்கே இருக்கிறான் என்று தேடினாள். "சிரிக்காத" என்று சொன்ன அந்த இடத்தில் இருந்தான்.

அஞ்சலின் தன் போனில் அதைப் பதிவு செய்ய முயன்றிருந்தாள். போட்டுப் பார்த்தால் வெறும் இரைச்சல். பெட்டி அதையும் தடுக்க வழி வைத்திருந்தது. பிறகு அது கித்தேரியிடம் கேட்டது. "ஹவ் ஆர் யூ ஃபீலிங்?" அஞ்சலின் காதோரம் சொல்லிக்கொடுக்க, கித்தேரி "சேட்" என்றாள். பதிவு மூடிக்கொண்டது.

இரண்டாம் நாளுக்கு ஹேப்பி, சேட், டயர்ட். மூன்றும் தப்பு. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஒரு நாள் போயிற்று.

அன்று முதல் கித்தேரி இங்கிலீஷ் படித்தாள். மீன் உலர்த்தும் களத்துக்குப் போகும்போது முந்தானை முடிச்சில் ஒரு தாள் இருக்கும். தமிழ் எழுத்தில் அஞ்சலின் எழுதிக்கொடுத்தது. பக்கத்தில் அமலியோ ரீத்தாளோ உப்பை வாரிப்போட, இவள் நெத்திலியைப் புரட்டிக்கொண்டே முணுமுணுப்பாள். லோன்லி. ஆங்ஷியஸ். வொரீட். ஹோம்சிக்.

"என்ன மைனி, புது ஜெபமா?" என்பாள் ரீத்தாள்.

"ஆமாட்டி. கேக்குத சாமிக்கு இங்கிலீஷ்தான் தெரியுமாம்."

சாயங்காலம் மகளிடம் சந்தேகம் கேட்பாள். "லோன்லின்னா தனியா இருக்கதுதானே?"

"இல்லம்மா. பத்துப் பேரு கூட இருந்தாலும் லோன்லியா இருக்கலாம்."

"அப்ப ஹோம்சிக்?"

"வீட்டு நெனப்புல நோவு."

"அது ரெண்டும் ஒண்ணுதானேட்டி. வீட்டு நெனப்பு இல்லாதவனுக்கு எதுக்குத் தனிமை?"

"இங்கிலீஷ்ல வேற வேறம்மா. பெட்டிக்கும் வேற வேற."

கித்தேரி கண்ணை மூடி அந்த இரும்பு அறையை நினைத்துப் பார்ப்பாள். மூன்றாம் நாள் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆறாம் நாள்? சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயில் மணி கேட்காமல் அவனுக்கு இருப்புக்கொள்ளாதே. இருபது வருஷம் அவனோடு படுத்து எழுந்தவள். அவன் சோற்றைப் பிசைகிற வேகத்தை வைத்தே கடலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள். அந்த நம்பிக்கையில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சொல்வாள். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு.

"ஹேப்பின்னு போட்டுப் பாப்பமாம்மா?" என்று அஞ்சலின் இரண்டொரு தடவை கேட்டாள்.

"அந்தத் தகர டப்பாக்குள்ள உங்கப்பா சந்தோஷமா இருந்திருப்பாவளா? அவியள எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்பதுதான் அவள் பலமாக இருந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கும், நீ நெருங்கினவள் இல்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அணைந்தது.

ஐந்து நாள் அழிந்தபோது அவளுக்குப் பொறுமை போயிற்று. நேரே கடைசிப் பதிவுக்குத் தாவினாள். இருபத்தாறாம் நாள். "சேட்." சிவப்பு. "லோன்லி." சிவப்பு. அடுத்ததற்கு வாயைத் திறந்தபோது அஞ்சலின் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம்மா. இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும். இதுவும் போச்சுன்னா எனக்குத் தெரியாமயே போயிரும்."

"என்னட்டி தெரியாமப் போயிரும்?"

"நான் சொன்னதுக்காகத்தான் செஞ்சாங்களான்னு."

கித்தேரி அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரம் இல்லாத எதையும் அந்தப் பெண் நம்புகிற நிலையில் இல்லை.

பதினேழாம் நாள் வரை போனது போனதுதான். பதினாறு பதிவு அழிந்திருந்தது. கித்தேரிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட சொற்கள் தெரிந்திருந்தன. கடைக்காரனிடம் மிச்சம் எவ்வளவு என்று இங்கிலீஷில் கேட்கத் தெரியாது. ஆனால் துயரத்துக்கு மட்டும் பதினொரு சொல் தெரியும். பதினொன்றும் உதவவில்லை.

பதினேழாவது அழிந்த அன்று மத்தியானம், கரைவலைக்காரர்கள் அஞ்சலினைக் கூட்டிவந்தார்கள். பள்ளிச் சீருடையோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாளாம். ஆடி மாதக் கடல். கூப்பிட்டும் திரும்பவில்லையாம். கித்தேரி மகளின் தலையைத் துவட்டினாள். மறுநாளிலிருந்து களத்துக்குப் போவதை நிறுத்தினாள். மகள் எழுந்தால் எழுந்தாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தாள். கெடுவில் பதினோரு நாள் மிச்சமிருந்தது.

*

தொம்மை வந்தது அப்போதுதான். பெலவேந்திரத்தோடு அதே டேங்கில் இருந்தவன், சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. அறையிலிருந்து வெளியே எடுத்த பிறகு மூட்டுவலியோடு அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் ஊர் வந்திருந்தான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான்.

கித்தேரி பெட்டியைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"மைனி, என்ன காரியம் செஞ்சுட்டிய. மனசை வெச்சா தேடுனிய?"

"வேற எதை வெச்சுத் தேடணும்?"

"நாங்க யாருமே மனசுல உள்ளதைச் சொன்னதில்லையே!" அவன் தலையில் அடித்துக்கொண்டான். "போறதுக்கு முன்னாடி ஏஜென்சியில ஒரு வாத்தியார் அஞ்சு வார்த்தை சொல்லிக்கொடுத்தாரு. நாலைச் சொல்லலாம். ஒண்ணை மட்டும் சாகுத வரைக்கும் சொல்லிராதீங்கன்னாரு. நாலை எப்படி ஞாபகம் வெச்சுக்கிடதுன்னு உங்க வீட்டுக்காரன்தான் வழி சொன்னான். ஜெபமாலையில கிழமைக்கு ஒரு தேவ ரகசியம் சொல்லுதோம்லா, அது மாதிரி வெச்சுக்கிடுவோம்னான். தினம் ஒரே வார்த்தையைச் சொன்னா மெஷினுக்குச் சந்தேகம் வரும் பாருங்க."

"ஜெபமாலையா?"

"திங்களும் சனியும் சந்தோஷ தேவ ரகசியம். அன்னைக்கு ஹேப்பி. புதனும் ஞாயிறும் மகிமை. ப்ரௌட். வியாழன் ஒளி. ஹோப்ஃபுல். செவ்வாயும் வெள்ளியும்தான் இடிச்சுது. துக்க தேவ ரகசியம். துக்கம்னு மெஷின்கிட்ட சொல்ல முடியுமா? அதனால அன்னைக்கு காம். அமைதின்னு அர்த்தமாம். டேங்குல ஆறு பேரும் அப்படித்தான் சொன்னோம். ஒருத்தன் சிரிச்சாலும் அதே வார்த்தை, அழுதாலும் அதே வார்த்தை."

கித்தேரி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அழிந்துபோன பதினாறு நாளில் திங்கள் எத்தனை, சனி எத்தனை. சின்னப் பிள்ளையிலிருந்து அவள் வாய் தவறாமல் சொல்லிவந்த வரிசை. ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற சாவி. அவனை அறிந்திருந்ததாலேயே அவனை ஒவ்வொரு நாளாக அழித்திருக்கிறாள்.

"அந்த அஞ்சாவது வார்த்தை என்ன சித்தப்பா?" என்றாள் அஞ்சலின்.

"ஸ்கேர்ட். பயந்துட்டேன்னு அர்த்தமாமே. அதைச் சொன்னா அன்னைக்கே ஷிப்டை நிறுத்தி மேல ஏத்திருவாவ. அப்புறம் ஜென்மத்துக்கும் எந்தக் கம்பெனியும் எடுக்காது."

*

மிச்சமிருந்த எட்டும் அன்று மத்தியானமே திறந்தன. பதினெட்டாம் நாள், வியாழன். "ஹோப்ஃபுல்" என்றதும் பச்சை. "கித்தேரி, அங்க மழை உண்டா? இங்க எல்லாப் பக்கமும் தண்ணி, மழைச் சத்தம் மட்டும் கிடையாது."

இருபதாம் நாள், ஹேப்பி. "தூக்கம் வர மாட்டேங்குது. கண்ணை மூடினா தகரம் நெஞ்சுக்கு மேல இறங்கி வருது."

இருபத்திரண்டு, அதுவும் ஹேப்பி. அரை நிமிஷமும் வெறும் மூச்சு.

இருபத்து மூன்று, காம். "நம்ம மவ அஞ்சு சொன்னது சரிதான். நான் பொய்க்காரன்தான். தினமும் ஒரு பொய்யைச் சொல்லிட்டுத்தான் தண்ணிக்குள்ள போறேன்."

இருபத்து நான்கில் அவன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. அந்தக் குரலில் மெஷினுக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் பிடிபடவில்லை. இருபத்தைந்தில், "இன்னும் மூணே நாளு. என்னால முடியுமான்னு தெரியலை" என்றான்.

ஒவ்வொன்றும் முடிந்ததும் பெட்டி கித்தேரியிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டது. கித்தேரி "ஹேப்பி" என்றாள். அடுத்ததும் "ஹேப்பி." அது மூடித் தொலைந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். ஏழாவது தடவையும் அதையே சொன்னாள். அவன் ஏன் சொன்னான் என்பது அப்போது விளங்கியது.

கடைசிப் பதிவு மட்டும் நின்றது. ஒரே ஒரு வாய்ப்பு.

"வெள்ளிக்கிழமை" என்றான் தொம்மை. "காம்தான் மைனி. நான் அன்னைக்கு வேற ஷிப்டு, தண்ணிக்குள்ள இருந்தேன். என் காதால கேக்கலை. ஆனா இத்தனை நாள் மாத்தாதவன் அன்னைக்கு எதுக்கு மாத்தப் போறான்?"

அஞ்சலின் தரையைப் பார்த்தபடி பேசினாள். "காம்னா திறந்துரும்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு. அதைச் சொல்லிட்டுத்தான் போயிருப்பாங்க. என்னாலதாம்மா. நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்."

கித்தேரி அவளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைச் சொல்லை நினைத்ததும் வெள்ளிக்கிழமை ஜெபமாலையும் சேர்ந்தே வந்தது. துக்க தேவ ரகசியத்தில் முதலாவது. சிலுவைக்கு முந்தின ராத்திரி சாமி பூங்காவனத்தில் முழங்காலிட்டு ரத்த வேர்வை வேர்க்கிற இடம். ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். சாமியே பயந்த இடம் அது. பயந்தவர் சாக வேண்டும் என்று கேட்கவில்லை. இது வேண்டாமே என்றுதான் அப்பனிடம் கேட்டார்.

"தொம்மை, சாகணும்னு முடிவு பண்ணினவன் அன்னைக்குக் காலையில என்ன வார்த்தை சொல்லுவான்?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"காம்னுதான் சொல்லுவான். யாரும் தடுக்கக் கூடாதுல்லா? பேசாமப் போவான். மேல தூக்குங்கன்னு கயித்தை ஆட்டுதவன் யாரு? உசுரு வேணும்னு நினைக்கவன்தானே?"

"மைனி, ஒரே தடவைதான் இருக்கு. அவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லத் தைரியம் வந்திருக்கும்னு நினைக்கியளா? ஊருல அத்தனை பேரு முன்னாடி பயந்தாங்கொள்ளின்னு திரும்பி வாரதுக்கு?"

"தெரியாது."

முதல் தடவையாக அவள் அப்படிச் சொன்னாள். உண்மையாகவே தெரியவில்லை. அவள் சேர்த்துவைத்திருந்த அறுபது சொற்களும் உதிர்ந்து, இரண்டே இரண்டு நின்றன. ஒன்று திறந்தால் மகள் மறுபடி கடலுக்குப் போவாள். இன்னொன்று தப்பாகிவிட்டால் மிஞ்சுவது கம்பெனித் தாளின் நாலு வரிதான். அப்போதும் மகள் கடலுக்குத்தான் போவாள்.

"அம்மா?"

"என் கையைப் பிடிச்சுக்கோ."

கித்தேரி பெட்டியை வாயருகே கொண்டுபோனாள். "ஸ்கேர்ட்" என்றாள்.

விளக்கு எரியவில்லை. இரண்டு மூச்சு நேரம் எதுவும் எரியவில்லை. பிறகு பச்சை.

"மேல தூக்குங்கன்னு சொல்லிட்டேன் கித்தேரி." அதே கீச்சுக்குரல், வேகவேகமாக. "அந்த வார்த்தையைச் சொல்லிட்டேன். நேத்து புது மூச்சு ஓஸு மாத்துனாவ, பூட்டு சரியா விழ மாட்டேங்குது, ரெண்டு தரம் சொல்லியும் கேக்கலை. எனக்குப் பயமா இருக்கு. ஊருல சிரிச்சாச் சிரிக்கட்டும். அஞ்சுகிட்ட சொல்லு, அப்பா இன்னைக்கு உண்மையைச் சொல்லிட்டேன்னு. ஒரு வாரத்துல வெளிய வந்துருவேன். வீட்டுக்கு..."

அரை நிமிஷம் முடிந்துவிட்டது. ஆனால் பதிவு அங்கே நிற்கவில்லை. மேலிருந்து, ஹீலியம் படாத, தெளிவான ஒரு குரல் இங்கிலீஷில் ஏதோ சொல்லி முடித்தது.

"என்ன சொல்லுதான்?" என்றாள் கித்தேரி.

அஞ்சலின் மொழிபெயர்த்தாள். "'நன்றி. பதிவு செய்யப்பட்டது. உங்கள் ஷிப்டு ஆறு மணிக்கு.'"

தொம்மை எழுந்து, ஊன்றுகோலை மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சொல்லியிருக்கான். சொல்லியும் இறக்கியிருக்கானுவ" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அஞ்சலின் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து ஓவென்று கத்தினாள். இத்தனை மாதமாக வராத சத்தம். கித்தேரி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வரணும் என்றுதான் நினைத்திருக்கிறான். வீட்டுக்கு என்று சொல்லும்போதுதான் அறுந்திருக்கிறது.

"ஹவ் ஆர் யூ ஃபீலிங்?" என்றது பெட்டி.

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது.

அஞ்சலின் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. சொன்னாத்தான் மூடும்."

"இதுக்கு அடுத்தது ஏதும் இருக்காட்டி?"

"இல்ல. இதான் கடைசி."

"அப்ப மூட வேண்டாம்" என்றாள் கித்தேரி. "தொம்மை, டேங்குல இருந்த மத்த நாலு பேரு வீட்டுலயும் போய்ச் சொல்லு. பங்குச் சாமியாரையும் வரச்சொல்லு, வக்கீலுக்குப் படிச்ச அமலி மவனையும் வரச்சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

பெட்டியை மாதா படத்துக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு தெரிகிற மாதிரி வைத்தாள். அது விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளிடம் அறுபத்து நான்கு சொற்கள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் அதற்குக் கொடுக்கவில்லை.